தாய்ப்பத்திரம்

அக்டோபர் 9, வியாழன்

காலை அமெரிக்கக் கணக்கில் 48 டிகிரி. நம் கணக்கில் ஒன்பது. பிரஷர் மாத்திரை போட்டேன். பேத்தி வடிவைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

நாள் முழுக்க நான் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது மகள் மரகதத்துக்குப் பிடிக்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் என்னை ஹார்ட்வெல் ஊர் நூலகத்தில் இறக்கிவிட்டாள். "சும்மா பாத்துட்டிருங்கப்பா, மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் சொன்ன மாதிரியே சொன்னாள்.

மாடியில் ஊர் வரலாற்று அறை இருக்கிறது. செவ்வாய், வியாழன் மட்டும் திறப்பார்களாம். அதைப் பார்த்துக்கொள்பவர் மார்த்தா பெல் என்ற அம்மையார். எழுபத்தொன்பது வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணின் நடுப்பகுதி மட்டும் மங்கிக்கொண்டே வரும் வியாதி. எதிரே இருக்கிற ஆளைப் பார்க்கத் தலையைச் சற்றுத் திருப்பிக்கொள்கிறார். மெதுவாகப் பேசுகிறார், எனக்குப் புரிகிறது.

சங்கரன்கோவில் பக்கம் முப்பத்து நான்கு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தேன், சார்பதிவாளராக ஓய்வு பெற்றேன் என்று சொன்னேன். "அப்படியானால் பழைய கையெழுத்து வாசிப்பீர்களா?" என்று கேட்டார். வாசிப்பேன் என்றேன். உடனே ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு கல்லறைக் கல். 'பேஷன்ஸ், எபனேசர் கோலின் மனைவி, இறந்தது 1708, வயது 34.' மார்த்தாவின் தாய்வழியில் ஒன்பது தலைமுறைக்கு முந்தியவள். அவளுடைய தாய் தகப்பன் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. ஊரின் பிறப்புப் பதிவேடு ஏதோ ஒரு தீவிபத்தில் போய்விட்டது. மார்த்தா இருபத்திரண்டு வருடமாகத் தேடுகிறார். இப்போது எழுத்தே தெரிவதில்லை.

"எனக்குப் பிள்ளைகள் இல்லை. கண் முழுதும் போவதற்குள் அவள் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்தால் போதும்" என்றார். பிறகு மரியாதைக்காக, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார்.

ஒரு மகள் என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மார்த்தா இத்தனை வருடமும் ஆளைத் தேடியிருக்கிறார். பேஷன்ஸ் என்ற பெயர் வரும் இடமெல்லாம் பார்த்திருக்கிறார். அதுதான் கோளாறு. எங்கள் அலுவலகத்தில் ஆளைத் தேட மாட்டோம், நிலத்தைத் தேடுவோம். இந்த நிலம் இவருக்கு எப்படி வந்தது, அவருக்கு முந்தி யாரிடம் இருந்தது என்று பின்னாலேயே போனால் தாய்ப்பத்திரத்தில் போய் நிற்கும். மனுஷன் பொய் சொல்வான், மறைப்பான். நிலத்தின் நான்கெல்லை மறைக்காது.

இதைச் சொன்னதும் மார்த்தா கைதட்டிச் சிரித்தார். பதிவுப் புத்தகங்களின் படங்கள் எல்லாம் நூலகத்துக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. எபனேசர் கோல் பெயரில் உள்ள நிலங்களிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அந்தக் காலத்து எழுத்தில் எஸ் எல்லாம் எஃப் மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கம் வாசித்தால் பழகிவிடும்.

சாயங்காலம் மாப்பிள்ளை சிவசைலத்தோடு கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கினேன். இங்கே ஒரு கத்தரிக்காய் ஒரு சுரைக்காய் அளவு இருக்கிறது. ருசி இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. துணி மடித்தேன். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

நூல்முனை கிடைத்துவிட்டது. 1734இல் பேஷன்ஸின் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து ஆற்றோரத்துப் புல்வெளி ஒன்றை விற்றிருக்கிறார்கள். அந்தப் புல்வெளி எப்படி வந்தது என்று எழுதும் இடத்தில் 'எங்கள் பாட்டி அபிகேல் வீலாக் எங்களுக்குக் கொடுத்தபடி' என்று ஒரே ஒரு வரி. எபனேசரின் தாயார் பெயர் வேறு. ஆகவே இந்த அபிகேல் பேஷன்ஸின் தாயாராக இருக்க வேண்டும்.

மார்த்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "வீலாக் குடும்பமா? இருக்காது. தாமஸ் வீலாக் இந்த ஊர் தேவாலயத்தின் மூப்பர். அவருடைய உயிலை எப்போதோ வாசித்துவிட்டேன். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். பேஷன்ஸ் கிடையாது. அதனால்தான் அந்தக் குடும்பத்தை முதல் வருடமே ஒதுக்கி வைத்தேன்."

உயிலில் இல்லை என்றால் பிள்ளை இல்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பினார்.

நவம்பர் 2, ஞாயிறு

கார் நிறுத்தும் கொட்டகையில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு மரகதம் போனில் பேசினாள். நான் குப்பை போடப் போனேன். கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். ஆபீஸ் விஷயமாக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

புளிக்குழம்பு வைத்தேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அபிகேலின் பத்திரம் அகப்பட்டது. 1711ஆம் வருடம். தாமஸ் வீலாக்கின் விதவை எழுதிக்கொடுத்த தானம். முதல் வரியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'உங்கள்மேல் எனக்குள்ள அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு' என்றுதான் அதுவும் ஆரம்பிக்கிறது. நம் ஊர்த் தானப் பத்திரத்தில் நான் ஆயிரம் தடவை பார்த்த அதே வாசகம்.

யாருக்கு என்றால், 'இறந்துபோன என் மகள் பேஷன்ஸ் கோலின் பிள்ளைகளுக்கு'.

ஆக, மகள்தான். மார்த்தா அழுதார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே கையெழுத்துப் போடத் தெரியாமல் அந்த அம்மாள் ஒரு குறி மட்டும் போட்டிருக்கிறாள். கொக்கி மாதிரி.

பேஷன்ஸ் இறந்தது 1708. பத்திரம் 1711. மூன்று வருடம் கழித்து. மார்த்தா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

காலைச் சாப்பாடு முடிந்ததும் மரகதம் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள்.

"அப்பா, அக்காவுக்கு உடம்பு சரியில்ல."

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"கணையத்துல கட்டி. நல்லா முத்திட்டுன்னு சொல்லுதாவ. நாகர்கோவில் ஆஸ்பத்திரில வச்சிருக்கு. டாக்டர் கைய விரிச்சிட்டாரு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவட்ட பேசிக்கிட்டுதான்பா இருக்கேன். அம்மாவும் பேசிக்கிட்டுதான் இருந்தா. உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது."

வெளியே பார்த்தேன். "எல ரொம்ப விழுந்து கெடக்கு. கூட்டிட்டு வாறேன்" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

இந்த டைரியை யாராவது பின்னால் வாசித்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மூத்தவள் 2006இல் தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தனசிங் என்பவரைத் திருமணம் செய்துகொண்டாள். வேறு சாதி, வேறு மதம். அன்றோடு முடிந்தது. ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தேன். வீட்டை மரகதத்துக்கு எழுதி வைத்தேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எட்டு மூட்டை இலை சேர்ந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

நூலகம் விடுமுறை. எனக்குப் போக்கிடம் இல்லை. மறுபடியும் இலை கூட்டினேன்.

நவம்பர் 13, வியாழன்

பேஷன்ஸ் யார் மகள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் தகப்பன் உயிலில் ஏன் அவள் பெயர் இல்லை என்பது மார்த்தாவை அரிக்கிறது. இன்று அவரே ஒரு குறிப்பைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வேறு ஒருவர் வாசித்துக் காட்டினாராம். எபனேசர் கோல் குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவன். அந்தக் காலத்தில் இந்த ஊர்த் தேவாலயத்துக்காரர்களுக்கு அந்தச் சபை என்றால் ஆகாது. அடித்திருக்கிறார்கள், ஊரை விட்டுத் துரத்தியிருக்கிறார்கள். மூப்பரின் மகள் 1697இல் அவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மறு வருடம் தகப்பனின் உயில் பதிவாகியிருக்கிறது.

"இவ்வளவுதானா? இதற்காகவா?" என்று மார்த்தா கேட்டார்.

அந்தக் காலத்து நிலைமை அப்படி இருந்திருக்கும், ஊர்ப் பெரிய மனிதர், நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டாமா என்று சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் முன்பு வாசித்த உயில், பதிவுப் புத்தகத்தில் குமாஸ்தா எடுத்து எழுதிய நகல். மூலம் வேறு. மூலத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்று சொன்னேன். அந்தக் கட்டின் படங்கள் வேறு இடத்தில் இருக்கின்றனவாம், கேட்டு எழுதியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் மரகதம் போனை நீட்டினாள். "அக்கா முழிச்சிருக்கா. ரெண்டு வார்த்த பேசுங்கப்பா." கை கழுவப் போகிறேன் என்று குளியலறைக்குள் போனேன். குழாயைத் திறந்துவிட்டேன். வெளியே வரும்போது அவள் போனை வைத்துவிட்டிருந்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

மரகதம் தோசை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"முந்நூறு வருஷத்துக்கு முந்திச் செத்தவளுக்கு அப்பா யாருன்னு தேடிக்கிட்டிருக்கீங்க. நீங்க பெத்த பிள்ள அங்க கெடக்கா."

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அம்மா செத்தப்ப அவ தெருமுக்குல நின்னா. வெயில்ல. வந்து முகத்தப் பாக்க விட்டீங்களா?"

மாப்பிள்ளை எழுந்து, "மரகதம், போதும். மாமா சாப்பிடட்டும்" என்றார்.

"நான் மட்டும் யோக்கியமா? நானும் பேசாமத்தான நின்னேன். அம்மாவோட வாரிசுச் சான்றிதழுக்கு ஒரே மகள்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க. பாத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். அக்காட்ட அதச் சொன்னப்ப என்ன சொன்னா தெரியுமா? 'அப்பா மனசு கஷ்டப்படும், விடு'ன்னா."

தோசை கருகிவிட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள். குழந்தை என்னைப் பார்த்தது. நான் கருகின தோசையை எடுத்துச் சாப்பிட்டேன்.

என் மனைவி சண்முகவடிவு இறந்த அன்று மூத்தவள் தெருமுனையில் நின்றது உண்மைதான். பத்தே கால் மணிக்கு வந்தாள். ஒன்றே காலுக்கு எடுத்தோம். நீலச் சேலை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். தார் ரோடு. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்ததால் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

உயிலின் மூலம் வந்துவிட்டது. நான்கு பக்கம். தாமஸ் வீலாக்கே எழுதியது, கையெழுத்து சுத்தம். மூத்த மகனுக்கு வீடு, அடுத்தவர்களுக்கு நிலம், மகள் மேரிக்கு ஒரு படுக்கையும் பசுவும். அதன்பின் ஒரு வரி. ஹானா என்ற இளைய மகள் பெயர் வருவதற்கு முந்தி. மையால் அடித்திருக்கிறது. நகல் எழுதின குமாஸ்தா அடித்த வரியை விட்டுவிட்டு எழுதியிருக்கிறான். அதுதான் முறை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பேன்.

படத்தைப் பெரிதாக்கினேன். அடித்தலுக்குக் கீழே எழுத்து தெரிந்தது. 'என் மகள் பேஷன்ஸுக்கு, அவள் திருமணம் ஆகும் நாளில்' என்று ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் வாசிக்க முடியவில்லை. மகள் ஓடிப்போன பிறகு எழுதின உயில் இல்லை போலிருக்கிறது. முந்தியே எழுதி வைத்திருந்து, போன பிறகு அடித்திருக்கிறார். ஒரு கோடு போட்டால் போதும். அவர் ஆறு கோடு போட்டிருக்கிறார். கடைசிக் கோட்டில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

மார்த்தா, "என்ன தெரிகிறது? சொல்லுங்கள்" என்றார். வாசித்தேன். பாதியில் விட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். தண்ணீர் கொடுத்தார்.

"அவ்வளவு கோபமா அவருக்கு?" என்று கேட்டார்.

"கோபக்காரன் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவான் அம்மா. இவர் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறார்" என்றேன். பிறகு, கேட்காமலே, "எனக்கு இரண்டு மகள்கள். அன்றைக்கு உங்களிடம் தவறாகச் சொன்னேன்" என்றேன்.

மார்த்தா பார்வை மங்கின கண்களோடு என் முகத்தைத் தேடினார். "மூத்தவள் எங்கே இருக்கிறாள்?"

"ஆஸ்பத்திரியில்."

"அப்புறம் ஏன் என்னோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றார். அதட்டவில்லை. உண்மையாகவே கேட்டார்.

மரகதம் கூப்பிட வரும்வரை காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். நாற்பது நிமிடம். அவள் வாசலில் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு டிக்கெட் போடு" என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் 19, புதன்

காலை எட்டு மணிக்குப் போன் போட்டோம். அங்கே சாயங்காலம் ஆறரை. வீடியோவில் முதலில் ஆஸ்பத்திரிச் சுவர் வந்தது, பிறகு தனசிங். தலை நரைத்திருக்கிறது. என்னைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இப்பத்தான் ஊசி போட்டாங்க சார். தூங்குதா. எழுப்பட்டுமா?"

"வேண்டாம். தூங்கட்டும்."

"நீங்க வாறதா மரகதம் சொன்னா. அவட்ட சொன்னேன் சார். ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொன்னா."

போனை அவள் பக்கம் திருப்பினார். நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எலும்பும் தோலுமாக ஒரு பெண் கிடந்தாள். பிறகு அவள் தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டினாள். குழந்தையில் செய்வது. அப்போது தெரிந்தது.

எழுப்பியிருக்கலாம். எழுப்பச் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் போஸ்டனில் ஏறினால் திங்கள் காலை திருவனந்தபுரம். அதற்கு முந்தி இடம் இல்லையாம். மரகதமும் வருகிறாள்.

நவம்பர் 20, வியாழன்

பெட்டி கட்டினேன். இன்றைக்கும் ஊசி போட்டுத் தூங்குகிறாளாம். நாளைக்குக் காலையில் மருந்தைக் குறைப்பார்கள், அப்போது பேசலாம் என்று தனசிங் சொன்னார்.

நவம்பர் 21, வெள்ளி

விடிந்ததும் மரகதம் வந்து கதவருகில் நின்றாள். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

உலகம்மை இறந்துவிட்டாள். அங்கே மதியம் மூன்று பத்துக்கு. எனக்கு அப்போது நல்ல தூக்கம்.

அடக்கம் நாளைக்கு. திங்கட்கிழமைவரை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அது சரிதான். நான் போய்ச் சேரும்போது மண் மூடி இரண்டு நாள் ஆகியிருக்கும்.

ஏழு மணிக்குத் தனசிங் கூப்பிட்டார். மரகதம் எடுத்துப் பேசிவிட்டு, "உங்கட்டதான் பேசணுமாம்" என்று போனைக் கொடுத்தாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், தொந்தரவு பண்ணுதேன். இறப்புப் பதிவுக்கு ஒரு பாரம் குடுத்திருக்காங்க. இதப் பூர்த்தி பண்ணிக் குடுத்தாத்தான் விடுவாங்களாம்."

"சொல்லுங்க."

"அம்மா பேரு சண்முகவடிவுன்னு எழுதிட்டேன். அப்பா பேருன்னு ஒரு கட்டம் இருக்கு." நிறுத்தினார். "இது வரும்னு அவளுக்குத் தெரியும் சார். போன வாரமே சொல்லிட்டா. 'அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்க. அவங்களுக்கு இஷ்டம் இல்லன்னா அந்தக் கட்டத்த வெறுமன விட்டிருங்க, வற்புறுத்தாண்டாம்'னு."

முப்பத்து நான்கு வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ பேர் எழுதிக்கொடுத்துவிட்டு என் முன்னால் அழுதிருக்கிறார்கள். காகிதத்தைப் பாருங்கள், என்னைப் பார்க்காதீர்கள் என்று சொல்வேன்.

"போடுங்க" என்றேன்.

"சரி சார். எழுத்துப்பிழை இல்லாமச் சொல்லுங்க. தப்பா எழுதிட்டா திருத்த அலைய விட்டிருவாங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஆ. வு. டை. ய. 'ப்' வந்ததும் நிறுத்திவிட்டேன். அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. பின்னால் கூப்பிட்டவர்களிடம் ஒரு நிமிஷம் என்று சொன்னார். மிச்சத்தையும் சொன்னேன்.

எழுதி முடித்துவிட்டு அவர் வாசித்துக் காட்டினார்.

"இறந்தவர் பெயர் உலகம்மை. வயது நாப்பத்து மூணு. தந்தை பெயர் ஆவுடையப்பன். சரிதானா சார்?"

சரி என்றேன்.